நாயோடு ஓர் எரிமலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எழுதிய பயணக் குறிப்பில், ‘செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை எங்கள் நாய் மணியோடு போய்ப் பார்த்தோம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நாங்கள் வரும் ஜூலையில் சியாட்டிலில் ஆர்.வி. ஒன்றை (படுக்கை, அடுப்படியோடு கூடிய பயண வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்து நாள் சுற்றப் போகிறோம். பிள்ளைகள் இரண்டு பேர், லாப்ரடார் ஒன்று. நாயைக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. பிள்ளைகள் கேட்பதாக இல்லை. நாயோடு அங்கே போக முடியுமா? இன்னொன்று, நெருப்பைக் கக்காத எரிமலையில் பார்க்க என்னதான் இருக்கிறது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் நாய் பார்க்கப்போவது வண்டி நிறுத்துமிடத்தைத்தான். நான் எழுதிய அந்த ஒரு வரியிலும் பாதி பொய். மணி எரிமலையைப் பார்க்கவில்லை. தார்த்தரையையும் ஒரு குப்பைத்தொட்டியையும் நன்றாகப் பார்த்தது.

நாங்கள் போனது 2019 ஆகஸ்டில். காசில் ராக் ஊரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, 504-ஆம் சாலையில் மேலே மேலே போனால் மலைக்கு எதிரே ஜான்ஸ்டன் முகடு. அகலமான நல்ல சாலை, ஆர்.வி.க்குச் சிரமமில்லை. இறங்கும்போது மட்டும் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள், சின்ன கியரில் விடுங்கள். நான் பாதி வழியில் கருகல் வாடை வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். 2023 மே மாதம் ஒரு மண்சரிவு அந்தச் சாலையின் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து கோல்ட்வாட்டர் ஏரியோடு பாதை நின்றுவிட்டது. கிளம்பும் முன் எதுவரை திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கமாக விண்டி முகட்டுக்கு இன்னொரு வழி உண்டு. குறுகலும் வளைவுமான சாலை. பெரிய வண்டியை அங்கே கொண்டுபோக நான் துணிய மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காலண்டர் படத்தில் சிவப்பாக வழிகிறதே, அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது இல்லாமல்போன மலையை. 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8:32. ஒரு நிலநடுக்கம், மலையின் வடக்குப் பக்கம் அப்படியே சரிந்தது. மூடி கழன்ற சோடா பாட்டில் மாதிரி உள்ளே அடைபட்டிருந்த வாயுவும் பாறையும் பக்கவாட்டில் பீறிட்டன. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு காலி. மலையின் உயரத்தில் 400 மீட்டர் குறைந்தது. 57 பேர் இறந்தார்கள். டேவிட் ஜான்ஸ்டன் என்ற முப்பது வயது எரிமலை ஆய்வாளர் அந்த முகட்டில் காவலிருந்தார். அவர் பெயர்தான் இப்போது அந்த இடத்துக்கு. இன்று அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் உடைந்துபோன பெரிய ஆட்டுரல் மாதிரி இருக்கிறது மலை. உள்ளே குழவியைப் போல, எரிமலைக் குழம்பு இறுகி எழும்பிய ஒரு குவிமாடம்கூட உண்டு, அதைச் சுற்றிப் பனியாறு. எதிர்ச் சரிவில் செத்த மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருக்கின்றன, சீப்பு வைத்து வாரிவிட்டதுபோல.

ஸ்பிரிட் ஏரிக்கரையில் விடுதி நடத்திய ஹாரி ட்ரூமன் என்ற 83 வயதுக்காரர், எவ்வளவோ சொல்லியும் தன் 16 பூனைகளோடு அங்கேயே இருந்துவிட்டார். செல்லப்பிராணியோடு எரிமலைக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் அவர் நினைவுதான் வரும்.

சரி, நாய்க்கு வருவோம். நடைபாதைகளிலும் பார்வைமேடைகளிலும் அதற்கு இடமில்லை. மலையே சிதறிக் கிடக்கிற இடத்தில் ஒரு நாய் புதிதாக என்ன கெடுத்துவிடப் போகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தேன். மனைவி முதலில் போய்வந்தாள், மணிக்கு நான் காவல். கயிற்றோடு அதைத் தார்த்தரையின் ஓரமாக நடத்திக்கொண்டிருந்தபோது திடீரென்று ஓர் இழுப்பு. தோள் கழன்றுவிடும்போல. புல்லுக்கு நடுவே ஒரு கை அளவு மண்குவியல், புதிதாகத் தள்ளியது, இன்னும் ஈரம் காயவில்லை. மணியின் மூக்கு அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

அது கோஃபரின் வேலை. நம் வயல் எலி மாதிரி வளை தோண்டும் பிராணி. வெடித்த அன்று மண்ணுக்கு மேலே இருந்த பெரிய விலங்குகள் செத்துப்போக, மண்ணுக்கடியில் இருந்த இவற்றில் பல பிழைத்துக்கொண்டன. பிழைத்தவை வழக்கம்போல வளை தோண்டின. தோண்டத் தோண்ட, சாம்பலுக்கு அடியில் புதைந்துபோன பழைய மண் மேலே வந்தது. அதோடு அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்களும். இன்னொரு பக்கம், வெறும் நுரைக்கல் வெளியில் முதலில் தலைகாட்டிய செடி லூப்பின். ஊதாப் பூ, பயறுக் குடும்பம், நம் கொளுஞ்சிக்குச் சொந்தம். நடவுக்கு முன் கொளுஞ்சியை எதற்காக வயலில் மிதிக்கிறோமோ, அந்தத் தழைச்சத்து வேலையை அது அங்கே தானாகச் செய்தது. எலி உழுதது, கொளுஞ்சி எருப்போட்டது. 1982-இல் 1,10,000 ஏக்கரை ஒதுக்கி, யாரும் மரம் நட்டுச் சீர்செய்யாமல் அது தானே மீள்வதைப் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், எலி வளை என்றால் உயிரை விடுகிற ஒரு ஜீவனை அவிழ்த்துவிட்டால்? மனைவி திரும்பி வந்தபோது என் முணுமுணுப்பு நின்றிருந்தது.

ஆர்.வி.க்குள் நாயை விட்டுவிட்டு எல்லோரும் போய்வரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அதே பயணத்தில் வேறோர் இடத்தில், ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் போனோம். திரும்பி வந்தால் ஜெனரேட்டர் நின்றுபோயிருக்கிறது. உள்ளே அடுப்படி வெக்கை. மணி கதவோரம் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், மாற்றி மாற்றிப் போங்கள். தனியாக ஒரு மணி நேரம் அந்த மலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது நஷ்டமும் அல்ல. தங்குவதற்குக் கீழே சில்வர் ஏரிப் பக்கம் சீக்வெஸ்ட் மாநிலப் பூங்கா இருக்கிறது. கயிறு கட்டினால் நாயோடு காட்டில் நடக்கலாம், உங்கள் லாப்ரடாரின் கணக்கில் உண்மையான சுற்றுலா அதுதான்.

இரவில் பாதங்களைப் பாருங்கள். அன்று ராத்திரி மணி நொண்டியது. விரலிடுக்கில் சுண்டைக்காய் அளவில் ஒரு நுரைக்கல், குளியலறையில் குதிகால் தேய்ப்போமே அதே கல். அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்து வரக்கூடாது என்பது சட்டம், மணிக்குத் தெரியவில்லை. அதைப் பிடுங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியில் இருந்த தண்ணீரில் போட்டேன். மிதந்தது.

அன்புடன்.