தீப்புண்ணில் படியும் வெள்ளைப் படலம் சீழா?

கேள்வி: என் 9 வயது மகனின் முன்கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்த சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை ஐந்து நாளாகத் தடவுகிறோம். புண்மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் படிந்திருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? களிம்பைத் தொடரலாமா?

பதில்: பதற வேண்டாம், பெரும்பாலும் அது சீழாக இருக்காது. புண்ணில் கசியும் நீரும் களிம்பும் கலந்து இப்படிப் படியும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கழுவிப் பாருங்கள். பாலாடை போல உரிந்து வந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு வராவிட்டால் சுரண்டாதீர்கள். கெட்ட வாடை, சுற்றிலும் பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, தொடரலாமா? இந்தக் களிம்பில் இருப்பது வெள்ளியும், சல்ஃபாடையசின் என்ற சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மருந்தும் பிணைந்த சேர்மம், 1 சதவீதம். வெள்ளி அயனி கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்கும், செல் சவ்வையும் குலைக்கும். ஆனால் புண்நீரில் உப்பு உண்டு. சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளிச் சேர்மத்தின் கரைசலை ஊற்றினால், வெள்ளி உடனே அந்த உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து படிந்து வீணாகிவிடும். சல்ஃபாடையசினோடு பிணைந்த வெள்ளியோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ் 1968இல் இதை அறிமுகப்படுத்தியபோது, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்குப் பலியாகிக்கொண்டிருந்த பெரிய தீக்காய நோயாளிகளுக்கு இது பெரிய துணையாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அதே வெள்ளி புதிதாக வளரும் தோல் செல்களையும் தாக்கும். சின்ன, மேலோட்டமான புண் இதனால் தாமதமாகத்தான் ஆறும். தவிர, இந்தப் படலம் மூடிக்கொண்டால் புண்ணின் ஆழம் மருத்துவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் உங்கள் மகனுக்கு இதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆழமில்லை என்று அவர் சொன்னால் வாசலின் தடவிய துணிக்கட்டே போதும்.

அப்புறம், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பிரசவம் நெருங்கிய பெண்கள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இந்தக் களிம்பு கூடாது. முகத்தில் தடவினால் தோல் சாம்பல் நிறமாகும் வாய்ப்புண்டு, அங்கேயும் வேண்டாம். வீட்டில் மீதமிருக்கும் டியூபைப் பிதுக்கிப் பாருங்கள், களிம்பு கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.