உடம்பின் நச்சை வெளியேற்றுவது என்றால் என்ன?

உடம்பில் சேரும் கழிவை வெளியே தள்ளுவதுதான் நச்சு நீக்கம். இதைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகச் செய்கின்றன. மாத்திரை, சாராயம் போன்றவற்றைக் கல்லீரல் கழிவாக வெளியேறும் வடிவுக்கு மாற்றுகிறது. சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கே வெளியே விடுகின்றன. எத்தனை பெரிய வேலை!

தோட்டத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மடை அடைக்காமல் தண்ணீர் ஓடினால் சருகு தானே போய்விடும். போதிய தண்ணீர், மோர் ஊற்றிய கம்மஞ்சோறு, ராகிக்களி, கீரைக்கடைசல், நல்ல தூக்கம் எல்லாம் அந்த ஓட்டத்துக்குத் துணை. நம் கொங்குச் சமையலிலேயே நார்ச்சத்து தாராளம். நச்சு நீக்கும் என்று விற்கிற பொடி டப்பா எதுவும் வாங்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானால் நஞ்செல்லாம் இறங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். மலத்தோடு இறங்குவது உடம்புக்கு வேண்டிய தண்ணீரும் உப்பும்தான், குழந்தைகளுக்கு அது ஆபத்து.