நகரங்கள் எப்படி, ஏன் வளர்ந்து மாறுகின்றன?

எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த நகரம் திருநெல்வேலிதான். அதை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு யாரும் 'திருநெல்வேலிக்குப் போறேன்' என்று சொல்வதில்லை. டவுனுக்கு, ஜங்ஷனுக்கு, பாளைக்கு, மேலப்பாளையத்துக்கு என்றுதான் சொல்வோம். ஒரே ஊர் பெருத்து வந்ததல்ல, தனித்தனி ஊர்கள் ஒட்டிக்கொண்டது. மாநகராட்சி என்று ஒன்றாகச் சேர்த்ததே 1994இல்தான்.

ஆற்றுக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலையும் ரதவீதிகளையும் சுற்றி டவுன். கிழக்கே கோட்டையும் பின்னால் வந்த பள்ளிக்கூடங்களுமாகப் பாளையங்கோட்டை. நடுவே தாமிரபரணி. 1843இல் கொக்கிரகுளத்தில் பாலம் வரும்வரை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகுதான். அந்தப் பாலத்தைத் தன் கைக்காசில் கட்டியவர் கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் (தலைமை எழுத்தர் மாதிரி ஒரு பதவி) சுலோசன முதலியார். (இப்போதானால் திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் போடவே அடிதடி நடக்கும்.) 1876இல் ரயில் வந்தது. டவுனுக்குள் போகாமல், பாலத்துக்கு மேற்கே சற்றுத் தள்ளி நின்றது. ஆள் இறங்கும் இடத்தில் காப்பிக்கடை வரும், லாட்ஜ் வரும், பஸ் வரும். ஜங்ஷன் என்று ஓர் ஊரே அப்படித்தான் உண்டானது.

என்னைக் கேட்டால் நகரம் வளர்வதற்கு இதைவிடப் பெரிய சூத்திரம் கிடையாது. தொழிற்சாலை, படிப்பு, உத்தியோகம் எல்லாம் ஆளைக் கூட்டி வரும். எங்கே இறக்கிவிடுகிறது என்பதில்தான் விஷயம்.

உத்தியோகம் போட்ட தடத்தை எங்கள் பேட்டைப் பெயர்களிலேயே பார்க்கலாம். என்.ஜி.ஓ. காலனி, 'நான்-கெஜட்டட் ஆபீசர்ஸ்' எனப்பட்ட அரசு ஊழியர்களால் வந்த பெயர். கே.டி.சி. நகர், கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தால் வந்த பெயர். பஸ்ஸில் அந்தக் கழகத்தின் பெயர் இப்போது இல்லை, நகர் இருக்கிறது.

எண்பதுகளில் அப்பா பெருமாள்புரம் பக்கம் மனை பார்த்துவிட்டு ஆச்சியைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆச்சி இரண்டே கேள்விதான் கேட்டாள்: "ஏல, இங்கன பஸ் வருமா? மழைத்தண்ணி எந்தப் பக்கமா வடியும்?"

முதல் கேள்விக்குக் காலம் பதில் சொல்லிவிட்டது. 2003இல் புதிய பஸ் ஸ்டாண்டே பக்கத்தில் வந்தது. மனை விலை ஏறியது, வீட்டு முன்பக்கம் எல்லாம் கடையானது, எங்கள் தெருவில் மட்டும் மூன்று ஜெராக்ஸ் கடை.

இரண்டாவது கேள்விதான் இன்னும் நிற்கிறது. அந்த பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களும் குளத்துப் பரப்பும் மனைகளாக மாறித்தான் ஊர் இவ்வளவு அகலமானது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் மூழ்கியது, கலெக்டர் ஆபீசுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இப்போது மனை பார்க்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டால், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆச்சியின் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறேன். புரோக்கர்கள் முகம் சுளிக்கிறார்கள்.