2018 என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் தீர்ப்பை மாற்றியது நியாயமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் விடியுமுன் எழுந்து ஆட்டம் பார்க்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. ஆட்டம் முடிய 36 விநாடிகளே இருக்க, 2 புள்ளிகள் பின்தங்கிய நிலையில் கூடையை நோக்கிப் பாய்ந்த கோல்டன் ஸ்டேட் அணியின் டுரான்ட், எதிரணியான கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் மீது மோதினார். முதலில் டுரான்டின் ‘சார்ஜ்’ (நிலைகொண்டு நின்ற தடுப்பவர் மீது பந்துடன் வருபவர் மோதும் தவறு) என ஊதிய நடுவர்கள், காணொளியைப் பார்த்தபின் அதை லெப்ரானின் ‘பிளாக்’ (தடுப்பவர் முன்கூட்டியே நிலைகொள்ளாமல் வழிமறிக்கும் தவறு) என மாற்றினார்கள். கூடைக்கடியிலுள்ள 4 அடி அரைவட்டத்துக்குள் தடுப்பவரின் கால் இருந்ததா என்ற ஐயம் எழுந்தால் மட்டுமே அன்றைய விதிப்படி அந்த மறுபார்வைக்கு இடமிருந்தது; ஆனால் பார்க்கத் தொடங்கிவிட்டால், அவர் முன்கூட்டியே நிலைகொண்டு நின்றாரா என்பதையும் தீர்மானிக்கலாம் என்றிருந்தது. லெப்ரானின் கால்கள் கோட்டுக்கு வெளியே தெளிவாகவே இருந்தன என்பதால், மாற்றிய தீர்ப்பைவிட மறுபார்வைக்குச் சொன்ன காரணமே வலுவற்றது என்பது என் கருத்து. இதே மோதல் மூன்றாம் காற்பகுதியில் நடந்திருந்தால் முதல் தீர்ப்பே நின்றிருக்கும்; அந்த மறுபார்வை அன்று ஆட்டத்தின் கடைசி 2 நிமிடங்களுக்கும் கூடுதல் நேரத்துக்கும் மட்டுமே உரியதாக இருந்தது.