எறும்புகள் மனிதரான தீவு

கேள்வி: எறும்புகள் மனிதராக மாறிக் குடியேறிய நாடு ஒன்று பழைய கிரேக்கத்தில் இருந்ததாகப் பேத்தி சொல்கிறாள். அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருந்ததா? – ஒரு வாசகி, தேவகோட்டை.

பதில்: ஊர் உண்மை, இன்றும் இருக்கிறது. ஏதென்ஸுக்குத் தென்மேற்கே, சரோனிக் வளைகுடாவில் உள்ள ஏஜினா தீவுதான் அது. சுமார் 87 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட அந்தத் தீவு, ஒரு காலத்தில் சொந்தக் கப்பற்படையும் நாணயமும் வைத்திருந்த தனி அரசு.

கிரேக்கத் தேவர்களின் தலைவரான ஜீயஸுக்கும் ஏஜினா என்னும் நதிமகளுக்கும் பிறந்த ஏயகஸ், ஆளற்ற தீவில் தனித்திருப்பதைக் கண்ட தந்தை, அங்கிருந்த எறும்புகளை மனிதராக்கித் தந்தார் என்பது பழங்கதை. எறும்புக்குக் கிரேக்கத்தில் மிர்மெக்ஸ் என்று பெயர். ஆகவே அவர்கள் மிர்மிடோன்கள் எனப்பட்டனர்.

கதையைவிட உயர்வாக எனக்குத் தோன்றுவது ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் எழுதி வைத்துள்ள விளக்கம். தீவினர் எறும்புகளைப் போல நிலத்தைத் தோண்டி, அந்த மண்ணைப் பாறைமேல் பரப்பிப் பயிரிட்டார்களாம். செங்கல் அறுத்து மண்ணைச் செலவழிக்க மனமில்லாமல், தோண்டிய குழிகளிலேயே குடியிருந்தார்களாம். கோடையில் கண்மாய் வண்டலை வெட்டி வயலுக்கு அடிக்கும் நம் பக்கத்தாருக்கு அந்த மண்ணின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையும் அங்கே அப்படித்தான். நாடெங்கும் வறட்சி வந்தபோது ஏயகஸ் வேண்டி மழை பெய்வித்தார் என்பது மற்றொரு கதை. சுமார் 530 மீட்டர் உயரமுள்ள ஜீயஸின் மலைமேல் மேகம் தங்கினால் மழை வரும் என்பதைத் தியோஃபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரில் வழங்கும் பழைய நூலே குறிப்பிடுகிறது.

நிலம் கைகொடுக்காததால் கடலோடிகளான அவர்கள், எகிப்தின் நாக்ரடிஸ் துறைமுகத்தில் ஜீயஸுக்குத் தமக்கெனத் தனிக்கோயில் கட்டிக்கொண்டார்கள். கொண்டுவிக்கப் போன பர்மாவிலும் மலாயாவிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய நகரத்தாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏஜினாவின் வெள்ளி நாணயம் சுமார் 12 கிராம் எடையுள்ளது. தடித்த அந்தக் காசின் முகத்தில் கடலாமை ஒன்று புடைத்து நிற்கும். ஏதென்ஸிடம் தோற்ற கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கடலாமை நீங்கி, அங்கே நிலத்தாமை வந்தது. கி.மு. 431இல் ஏதென்ஸ் அந்த மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு தீவைவிட்டே வெளியேற்றியது. ஏதென்ஸின் பகை அரசான ஸ்பார்ட்டா, தைரியா என்னும் இடத்தில் அவர்களுக்கு வாழ நிலம் கொடுத்தது.