திரும்பிப் படுத்தால் அளவு மறைவது ஏன்?

கேள்வி: எங்கள் 20 படுக்கை வார்டில் விரலில் மாட்டும் ப்ளூடூத் ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. ரிசீவர் நர்ஸ் மேசையில் இருக்கிறது. நோயாளி திரும்பிப் படுத்தால் திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு வருகிறது. அதிக பவர் உள்ள ரிசீவர் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ரிசீவரின் பவரைக் கூட்டினால் அது பேசுவது சென்சாருக்கு நன்றாகக் கேட்கும். சென்சார் பேசுவது ரிசீவருக்கு எட்டாத குறை அப்படியே இருக்கும்.

முதலில் குறை இணைப்பிலா, விரலிலா என்று பாருங்கள். இணைப்பு இருந்தும் எண் வராவிட்டால் விரல் சில்லிட்டிருக்கலாம், நகப்பூச்சு இருக்கலாம். அதே கையில் பிபி பட்டை கட்டியிருந்தால், அது இறுகும் ஒவ்வொரு முறையும் விரலுக்கு ரத்தம் நின்று அளவு போய்விடும். சென்சாரை மறு கைக்கு மாற்றுங்கள்.

இணைப்பே அறுந்தால் காரணம் பெரும்பாலும் நோயாளியின் உடம்புதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிவிடும். கை இடுப்புக்கு அடியில் போனால் சிக்னல் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறையலாம். வைஃபையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் ப்ளூடூத் நெரிசலான சேனல்களை விட்டுத் தாவும். ரிசீவரை வைஃபை பெட்டியிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வைத்தால் போதும்.

செய்ய வேண்டியது: மேசையில் இருக்கும் ஒன்றை நம்பாமல், சிறிய ரிசீவர்களை வார்டின் இரு பக்கச் சுவரிலும் கூரையை ஒட்டிப் பொருத்துங்கள். இடப்பக்கம் படுத்தாலும் வலப்பக்கம் படுத்தாலும் ஏதாவது ஒரு ரிசீவர் சென்சாரைப் பார்க்க வேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். ஒரே சென்சாரைப் பல ரிசீவர்கள் பங்கிட்டுக் கேட்க உங்கள் மென்பொருள் இடம் தருகிறதா என்று விற்பனையாளரிடம் முன்பே கேளுங்கள். எல்லாவற்றிலும் அது இராது.

பொருத்திய பிறகு ஊழியர் ஒருவர் சென்சாரை மாட்டி ஒவ்வொரு படுக்கையிலும் படுக்கட்டும். மல்லாந்து, இரு பக்கமும் ஒருக்களித்து, கையை உடம்புக்கடியில் வைத்து என நான்கு நிலை, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். மிக மோசமான நிலையிலும் சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்குக் கீழே இறங்கக் கூடாது (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்). பல ரிசீவர்களுக்கு மைனஸ் 95 வரை கேட்கும் என்றாலும், கூட்டம் கூடும் பார்வையாளர் நேரத்துக்கு அந்த 20 டெசிபல் இருப்பு வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சோதியுங்கள். சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். கடைசியாக வந்த 97 அப்படியே நின்றால் அது மிக ஆபத்து. எண் மறைந்து, இணைப்பு அறுந்ததற்கென்று தனி ஒலி வரும்படி அமைப்பை மாற்றாமல் அந்த வார்டில் நோயாளியைச் சேர்க்காதீர்கள்.