வங்கியை மாற்றும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிய வங்கியைத் தேர்ந்தெடுப்பது குறித்துக் கொங்குப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பல ஆண்டுகளாக ஒரே வங்கியில்தான் நடப்புக் கணக்கும் ஓடியும் (ஓவர்டிராஃப்ட் கடன் வசதி) வைத்திருக்கிறேன். அண்மையில் ஏடிஎம்மில் பணம் வராமலேயே என் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் கழிந்துவிட்டது. கிளைக்குப் போய்க் கேட்கும்போதெல்லாம் ‘ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்கிறோம்’ என்ற பதில்தான் கிடைக்கிறது. ஓடியைப் புதுப்பிக்கும்போது ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லியும் வற்புறுத்துகிறார்கள். வேறு வங்கிக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். சேவை நன்றாக இருக்கும் வங்கி எது? சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் ஒரு பெயரைச் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே வங்கியின் இரண்டு கிளைகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதையும், நல்ல மேலாளர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் அதே கிளை ஆளே மாறியதுபோல ஆகிவிடுவதையும் நம் ஊர்களில் எவரும் பார்க்கலாம். எனவே பெயரைத் தேடுவதைவிட, தவறு நேர்ந்தால் அந்தக் கிளை என்ன செய்கிறது என்பதைத் தேடிப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் எந்த வங்கியும் நல்ல வங்கியாகத்தான் தெரியும்.

முதலில் அந்தப் பத்தாயிரத்தை வாங்குங்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்றும், தவறினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளர் கேட்காமலேயே இழப்பீடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாருக்குப் பின்னால் எந்தச் சான்றும் நிற்காது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம். மாறுவதுதான் முடிவு என்றாலும் இந்தப் புகாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி புதிய கிளையைப் பார்க்கும் விதம். உங்கள் தொழிலில் சனிக்கிழமை வாரச் சம்பளம். 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை என்பதால், அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமையே பணம் எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கணக்கு தொடங்கும் எண்ணத்தை வெளியே சொல்லாமல், நீங்கள் நினைத்திருக்கும் கிளைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். காசாளர் கவுண்டர் ஒன்று மூடியிருந்தால் அடுத்த கவுண்டரில் வரிசை நீள்வதைப் பார்த்து உள்ளிருந்து யாராவது எழுந்து வருகிறார்களா? நூறு, இருநூறு ரூபாய்க் கட்டு கேட்பவருக்கு ‘ஐந்நூறுதான் இருக்கிறது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்களா, அல்லது ‘மூன்று மணிக்குள் எடுத்து வைக்கிறேன்’ என்று நேரம் சொல்கிறார்களா? தையல் வேலைக்கு ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுப்பவருக்குச் சில்லறை எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் ஒரு பெரியவருக்கு யார் உதவுகிறார்கள், காவலாளியா, பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளரா, வங்கி ஊழியரா? பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய தாள் மஞ்சள் பூத்துப் போயிருந்தால், அந்தக் கிளையில் பழுதான மற்றவையும் அப்படியேதான் கிடக்கும். இவை சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படாதவை இவைதான்.

அடுத்து மேலாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நடப்புக் கணக்கில் மாதத்துக்கு எவ்வளவு ரொக்கம் கட்டணமின்றிச் செலுத்தலாம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு எவ்வளவு, வேறு கிளையில் செலுத்தினால் என்ன, செக் புக்குக்கு என்ன, குறைந்தபட்ச இருப்புக் குறைந்தால் என்ன, ஓடி புதுப்பிக்க ஆண்டுதோறும் என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்டு, கட்டணப் பட்டியலை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் பெரிதாக வராது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று சிரித்துப் பேசி அனுப்பும் மேலாளரைவிட, முகம் கடுகடுவென்று இருந்தாலும் பட்டியலை எடுத்து நீட்டும் மேலாளரையே நான் நம்புவேன். இன்னொரு கேள்வியும் முக்கியம்: உங்கள் கடன் வரம்பை முடிவு செய்வது யார்? பல வங்கிகளில் இப்போது கிளை மேலாளர் விண்ணப்பத்தை வாங்கி அனுப்புவதோடு சரி; முடிவு கோவையிலோ சென்னையிலோ உள்ள கடன் பிரிவில் எடுக்கப்படுகிறது. அங்கே யாரிடம் பேசுவது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதைக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சீசன் நேரத்தில் நூலுக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருக்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை தெளிவாக இருங்கள். அடமானம் வைத்த சரக்குக்கும் இயந்திரத்துக்கும் தீ விபத்துக் காப்பீடு கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. அதை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். கடன் வேண்டுமானால் எங்கள் ஆயுள் காப்பீட்டை எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த விதிகளில் இடமில்லை. அப்படிக் கேட்டால், ‘இது கட்டாயம் என்று எழுத்தில் கொடுங்கள்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். புதிய கிளையிலும் முதல் சந்திப்பிலேயே காப்பீட்டுப் பேச்சு தொடங்கிவிட்டால், அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓடியை மாற்றும்போது அபராதம் வருமோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். 2026 ஜனவரி 1 முதல் புதிதாகத் தரப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்காக வாங்கியதை முன்கூட்டியே அடைத்தால் வணிக வங்கிகள் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஓடி போன்ற வசதிகளுக்கு, ஒப்பந்தத்தில் குறித்த கெடுவுக்கு முன்பே ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ என்று தெரிவித்து, தவணை நாளில் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே பழைய ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். உங்கள் ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். எந்தக் கிளையில் புதுப்பித்தல் இழுபறியாகிறது என்பதும், திருப்பூரில் பல தொழில் நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) வயது 78. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். இப்போதைய கிளையில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் விடுப்பில் போனால் அம்மிச்சி திரும்பி வந்துவிடுகிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அங்குள்ள நல்ல வங்கி ஒன்றுக்குக் கணக்கை மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் வசதிக்குக் கோவையில் இருக்கும் வங்கி, அம்மிச்சியின் கைக்கு எட்டாத வங்கியாகிவிடும். அவர் தானாகவே போய்வரும் தூரத்தில், கோபியிலோ அருகிலோ இன்னொரு கிளை இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்புக்கைத் தானே நீட்டித் தன் பணத்தைத் தானே எண்ணி வாங்குவது அந்த வயதில் ஒரு பெரிய தன்னம்பிக்கை. அதை நம் வசதிக்காகப் பறித்துவிடக் கூடாது.

மொழி விஷயத்தில் நீங்கள் தயங்கத் தேவையில்லை. படிவங்களும் கவுண்டர் அறிவிப்புகளும் அந்தந்த மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட நடைமுறை. வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் இளம் ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை எப்போதும் கவுண்டரில் வைத்திருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மேலாளருக்கு அம்மிச்சியின் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதி, ஏற்புக் கையெழுத்து வாங்குங்கள்.

70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பணம் கொண்டு வந்து கொடுப்பது, டிமாண்ட் டிராஃப்ட் தருவது, ஆயுள் சான்று வாங்கிக்கொள்வது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து செய்ய வங்கிகள் முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. புதிய கிளையில் முதலில் இதைக் கேளுங்கள்: உங்கள் கிளையிலிருந்து எங்கள் ஊருக்கு ஆள் வருவார்களா, என்ன கட்டணம், யாரை அழைக்க வேண்டும்? நவம்பர் மாத ஆயுள் சான்றுக்குத் தபால்காரர் வீட்டுக்கு வந்து மின்னணு முறையில் பதிவு செய்யும் வசதியும் உண்டு என்பதால், அதற்காக அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

அப்படியே நாமினி விவரத்தையும் சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம்.

கேள்வி: அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் கையில் இருக்கிறது. எங்கள் ஊரில் சிறிய தனியார் வங்கியிலும் கூட்டுறவிலும்தான் மரியாதையாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள், வட்டியும் கூடுதல். ஆனால் பாதுகாப்பு பற்றிப் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், கரூர்

பதில்: கரூர்க்காரர்களுக்கு இந்தப் பயம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. 1926இல் உங்கள் ஊரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை விதிக்கப்பட்டு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. அதே மாதம் 27ஆம் தேதி அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களின் பணம் போகவில்லை. பங்குதாரர்கள்தான் முழுவதும் இழந்தார்கள். நல்ல உபசரிப்பும் நூற்றாண்டை நெருங்கிய பெயரும் நிதிநிலைக்கு உத்தரவாதம் ஆகாது என்பது இதில் தெரிகிறது. அதே நேரத்தில், வங்கியில் போட்ட டெபாசிட்டுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கணக்கிடப்படும். வேறு வேறு வங்கிகளில் போட்டால் தனித்தனியாகக் கணக்கிடப்படும். மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல. அங்கு போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் அந்தச் சங்கம் நம் விவசாயிகளுக்குப் பேருதவி. அதற்காக அப்பாவின் மொத்தப் பணத்தையும் அங்கே வைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதையாகப் பேசும் சிறிய வங்கியில் வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாத அளவுக்குப் போடுங்கள். மீதியை வேறு வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

கேள்வி: புதிய வங்கியில் கணக்கு தொடங்கிவிட்டேன். பழையதை உடனே முடித்துவிடலாமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: சில மாதம் பொறுங்கள். எல்ஐசி பிரீமியம், கடன் தவணை, சிலிண்டர் மானியம், பிஎம் கிசான், மகளிர் உரிமைத் தொகை என்று எந்தெந்தப் பணம் பழைய கணக்கில் வருகிறது, எது கழிகிறது என்று ஓராண்டுப் பரிவர்த்தனை விவரத்தை எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். ஆதார் வழியாக வரும் உதவித் தொகை, ஆதாரோடு எந்தக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போகும் என்பதால், புதிய வங்கியில் அந்த இணைப்பை மாற்றச் சொல்லி, ஒரு தவணையாவது அங்கே வந்து சேர்ந்த பிறகு பழையதை முடியுங்கள். கணக்கை முடிக்கக் கடிதம் கொடுத்து, மீதமுள்ள செக் தாள்களையும் ஏடிஎம் அட்டையையும் ஒப்படைத்து, முடிக்கப்பட்டது என்பதற்கு எழுத்துமூலம் சான்று வாங்குங்கள். அப்படியே போட்டுவிட்டால் இரண்டு ஆண்டுகளில் அது செயலற்ற கணக்காகிவிடும்.

பழைய வங்கியில் வீட்டுப் பத்திரம் வைத்துக் கடன் வாங்கி அடைத்திருந்தால், கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.